27 வயதில் மலத்தோடு ரத்தம்: மூலம்தானா, வேறு ஏதாவதா?

மேட்டூர்க்காற்று · திங்கள், இரவு 11:52

வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன். வயது 27. ஓசூரில் ஷிப்ட் வேலை, தங்குவது நண்பர்களோடு ஒரு அறையில். மூன்று மாதமாக அவ்வப்போது வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது. முதல் தடவை பார்த்தபோது கை கால் நடுங்கிவிட்டது. வலி இல்லை. வலி இல்லாமல் ரத்தம் வந்தால் மூலம் என்று எங்கோ படித்ததால் நானே அப்படி முடிவு செய்துகொண்டேன். மெடிக்கல் ஷாப்பில் சொன்னேன், மாத்திரையும் ஆயின்மென்ட்டும் கொடுத்தார்கள். பத்து நாள் நின்ற மாதிரி இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. அம்மாவிடம் போனில் 'சூடு' என்று மட்டும் சொன்னேன். தினமும் வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடச் சொல்கிறார்.

இந்த வயதில் மூலம் வருமா? இல்லை, பெரிய வியாதி எதுவுமா? இரவில் தூக்கம் வரவில்லை.

பொருநைத்தம்பி · செவ்வாய், காலை 6:20

நண்பா, எனக்கு 24 வயதில் வந்தது. நானும் மூலம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு வலி உயிர் போகும். கண்ணாடித் துண்டு அறுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும், போய் முடித்த பிறகும் ஒரு மணி நேரம் எரியும். அந்தப் பயத்திலேயே இரண்டு நாள் அடக்கி வைப்பேன். அடக்க அடக்க மலம் இறுகும், மூன்றாம் நாள் இன்னும் கிழிக்கும்.

பார்த்த டாக்டர் வெடிப்பு என்றார். பிஷர் என்பார்களே, அதுதான். உள்ளே இருக்கும் சுருக்குத் தசை இறுகிப்போனதால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறவில்லையாம். அந்தத் தசையைத் தளர்த்த டில்டியாசெம் கிரீம், இசப்கோல், நிறையத் தண்ணீர், ஒரு டப்பில் இதமான வெந்நீர் விட்டு 10, 15 நிமிடம் உட்காருவது. ஆறு வாரத்தில் ஆறிவிட்டது, ஆபரேஷன் தேவைப்படவில்லை. வலியே இல்லை என்கிறாய், அப்படியானால் உன்னுடையது வேறாக இருக்கலாம்.

ஆலமரத்தடி · செவ்வாய், காலை 7:45

தம்பி, பயப்படாதே. நைட் ஷிப்ட், ஹோட்டல் சாப்பாடு, கறிக்கோழி, எல்லாம் சேர்ந்து உடம்பு சூடாகிவிட்டது. இது ரத்த மூலம். எங்கள் தாத்தா வைத்தியம் பார்த்தவர். துத்தி இலையைப் பருப்போடு கடைந்து சாப்பிடு, கருணைக்கிழங்கு வாரம் இரண்டு தடவை, மதியம் மோர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். 48 நாளில் நின்றுவிடும். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே கத்தியை எடுத்துவிடுவார்கள்.

அறுவைமேசை · செவ்வாய், பிற்பகல் 2:10

பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் 11 வருடமாக வேலை செய்கிறேன். இந்தக் கேள்வியோடு வாரத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள், பாதிப் பேர் உங்கள் வயதுதான். அதனால் கூச்சம் வேண்டாம். ஒரு அனுமானம் சொல்வதற்கு முன் சில விஷயங்கள் தெரிய வேண்டும்:

ரத்தம் என்ன நிறம்? மலம் போன பிறகு சொட்டாக விழுகிறதா, இல்லை மலத்தோடு கலந்து வருகிறதா? சீதம், அதாவது சளி மாதிரி ஏதாவது வருகிறதா? முன்பு ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவீர்கள், இப்போது எத்தனை தடவை? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? போய் வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரித் தோன்றுகிறதா? எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா? வலி மாத்திரை அடிக்கடி போடுவீர்களா? குடும்பத்தில் குடல் புற்றுநோய் யாருக்காவது? அப்புறம், இந்த மூன்று மாதத்தில் யாராவது கையுறை போட்டுப் பரிசோதித்தார்களா?

மேட்டூர்க்காற்று · செவ்வாய், இரவு 9:33

நன்றி டாக்டர். சிவப்புதான், ஆனால் சொட்டாக விழுவதில்லை, மலத்தின் மேல் பூசின மாதிரியும் சில நாள் கலந்தும் இருக்கிறது. சீதம் வருகிறது. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. முன்பு காலையில் ஒரு தடவைதான் போவேன். இப்போது நாலு, ஐந்து தடவை. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஓட வேண்டியிருக்கிறது, போனால் வெறும் சீதமும் ரத்தமும்தான் வருகிறது. கம்பெனி பஸ்ஸில் ஏறுவதற்கே பயமாக இருக்கிறது, பாதி வழியில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று. எடை இரண்டு கிலோ குறைந்திருக்கும். ரூம் சாப்பாடு சரியில்லாததால் என்று நினைத்தேன். வலி மாத்திரை இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை. யாரும் பரிசோதிக்கவில்லை, நான் டாக்டரிடமே போகவில்லை.

அறுவைமேசை · புதன், காலை 5:58

நீங்கள் முதல் பதிவில் விட்டுவிட்ட விஷயங்கள்தான் முக்கியமானவை. சாதாரண மூலம் ஒருவரை விடியற்காலை 4 மணிக்கு எழுப்பாது. ஒரு தடவை போனவரை ஐந்து தடவை போக வைக்காது. உங்களுக்கு மூலமும் இருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்னது முழுவதையும் மூலத்தின் மேல் போட முடியாது. இந்த வாரமே ஒரு குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து முளைத்த ஒன்று அல்ல. ஆசனவாயின் உள்ளே ரத்த நாளங்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு நம் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. முக்கி முக்கிப் போவது, மலச்சிக்கல், கர்ப்பம், டாய்லெட்டில் நெடுநேரம் உட்காருவது, இவற்றால் அது வீங்கிக் கீழே இறங்கும்போதுதான் மூலம் என்கிறோம். உள் மூலம் இருக்கும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் வலிக்காது. அங்கே தமனி ரத்தம் நேராக வந்து சேர்வதால் நிறம் செக்கச்செவேல் என்று இருக்கும், மலம் போன பிறகு சொட்டும், சில சமயம் பீய்ச்சும். நாலைந்து சொட்டே கோப்பைத் தண்ணீர் முழுவதையும் சிவப்பாக்கிவிடும் என்பதால் பார்ப்பவருக்குக் குடம் குடமாகப் போன மாதிரி இருக்கும். வெடிப்பைப் பொருநைத்தம்பி நான் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். இளம் வயதினரில் ரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டும்தான். அதனால்தான் எல்லோரும் இதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சீதமும் ரத்தமும் சேர்ந்து வந்தால் யோசனை வேறு பக்கம் போக வேண்டும். திடீரென்று காய்ச்சல், வயிற்றைப் பிசைகிற வலியோடு வந்தால் சீதபேதி. ஷிகெல்லா கிருமியோ அமீபாவோ காரணமாக இருக்கலாம், மலப் பரிசோதனையில் தெரியும். ஆனால் வாரக்கணக்கில் நீடித்தால் பெருங்குடல் அழற்சியை நினைக்க வேண்டும். அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்பது பெரும்பாலும் 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில்தான் தலைகாட்டுகிறது. மலக்குடலில் ஆரம்பித்து இடைவெளி விடாமல் மேலே பரவும். க்ரோன் நோய் குடலில் எங்கே வேண்டுமானாலும் வரலாம், இடையிடையே நல்ல பகுதியை விட்டுவிட்டு அங்கங்கே புண்ணாகும். நம் நாட்டில் குடல் காசநோயும் கிட்டத்தட்ட க்ரோன் மாதிரியே தோன்றும். இந்த இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ளவர்களுக்கே கஷ்டம்.

அடிக்கடி முக்குகிறவர்களுக்கு, மலம் வராமல் விரல் விட்டு எடுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு, மலக்குடலில் தனிப் புண் உண்டாகும். அதிலும் ரத்தமும் சீதமும் வரும். உடலுறவால் தொற்றும் கொனோரியா, கிளமிடியா போன்றவையும் மலக்குடலை அழற்சியாக்கும். அப்படி ஒரு வாய்ப்பு இருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், பரிசோதனையே வேறு. சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும் பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை), மெக்கல் பை (சிறுகுடலில் பிறவியிலேயே இருக்கும் ஒரு சிறு பை) போன்றவை காரணமாக இருக்கலாம். வலி மாத்திரைகளால் இரைப்பையில் புண் வந்து கசிந்தால் மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு வரும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பயந்துபோய் ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி வந்தாலும் நல்லதுதான்.

புற்றுநோய்க்கு 27 வயதில் வாய்ப்பு குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பெருங்குடல் பரிசோதனையைத் தொடங்க வேண்டிய வயதை 2021-இல் 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள், இளையவர்களிடம் அது கூடிவருவதால். நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு 2016-இல் கண்டுபிடித்தபோதே மூன்றாம் கட்டம். 2020-இல் 43 வயதில் இறந்தார். 50 வயதுக்கு முன் இந்தப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலசி 2023-இல் வெளியிட்டார்கள். கண்டுபிடிப்பதற்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் முன்பே நாலு அறிகுறிகள் தெரிந்திருந்தன: வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், நீடித்த பேதி, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. ஒரு இளைஞனுக்குக் காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பக் கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும்.

உடனே, அந்த இரவே போக வேண்டிய நிலைமை: கட்டி கட்டியாக ரத்தம், எழுந்தால் தலைசுற்றல், நெஞ்சு படபடப்பு, கறுத்த மலம், காய்ச்சலோடு தாங்க முடியாத வயிற்றுவலி.

மழைநின்றபின் · புதன், இரவு 10:47

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துவிட்டு எழுதாமல் போய்க்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

எங்கள் அண்ணனுக்கு 31 வயது. இதே மாதிரி ரத்தம். ஒரு கிளினிக்கில் மூலம் என்றார்கள். எட்டு மாதம் மூலத்துக்கே மருந்து. இடையில் ஒரு தடவை மூலத்தைச் சுருங்க வைக்க ரப்பர் வளையமும் போட்டார்கள். போய் வந்தும் போகாத மாதிரியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து போவான். மலம் பென்சில் மாதிரி மெலிந்து வருகிறது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறான். எங்களிடம் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 8-க்கு வந்தது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு ஊரில் ஒரு டாக்டர் கையுறை போட்டு ஒரே ஒரு நிமிடம்தான் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். மலக்குடலில் கட்டி, விரலுக்கே தட்டுப்பட்டது.

கதிரியக்கம், கீமோ, ஆபரேஷன், மலம் போக வயிற்றில் பை, எல்லாம் பார்த்தோம். இரண்டு வருடம் இருந்தான்.

தம்பி, உனக்கு அது என்று நான் சொல்லவே இல்லை, பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை எட்டு மாதம் யாரும் செய்யவில்லை என்பதை நான் இன்றைக்கும் தாங்க முடியாமல்தான் இருக்கிறேன். நாளைக்கே போ.

மேட்டூர்க்காற்று · புதன், இரவு 11:15

அக்கா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு லீவு போட்டுவிட்டேன். போகிறேன்.

அறுவைமேசை · வியாழன், காலை 6:05

மழைநின்றபின், உங்கள் வலிக்கு என்னிடம் பதில் இல்லை. மலக்குடலின் நீளம் ஏறத்தாழ 12 முதல் 15 சென்டிமீட்டர். அதில் கீழ்ப் பாதிக்கு விரல் எட்டும். விரல் பரிசோதனைக்கு மெஷின் வேண்டாம், செலவும் இல்லை. ரத்தம் போகிறது என்று வருகிற ஒருவரை அது செய்யாமல் மூலம் என்று சொல்லி அனுப்பக் கூடாது. மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட அதற்கு மேலே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் ஆகாது.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கும் உடன்பிறந்த மற்றவர்களுக்கும் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா உள்ள குழாயால் பெருங்குடலை உள்ளே பார்ப்பது, பார்த்தாயிற்றா? பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு இப்படி இளம் வயதில் வந்தால், அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தே மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு 31 என்றால் நீங்கள் 21 வயதிலிருந்து. இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் லிஞ்ச் போன்ற பரம்பரைக் குறைபாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மழைநின்றபின் · வியாழன், காலை 9:30

எனக்கு 29. இதுவரை ஒருவரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை டாக்டர். தங்கைக்கும் சேர்த்து நேரம் வாங்குகிறேன்.

ஆலமரத்தடி · வியாழன், பகல் 12:20

தங்கச்சி, படித்துவிட்டு மனசு கனத்துப்போனது. நான் சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறேன். கீரையும் கிழங்கும் மோரும் நல்லதுதான், மலம் இளகும். ஆனால் 48 நாள் பொறு என்று முகம் தெரியாத ஒருவருக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் தாத்தாவே நாடி பார்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்.

செங்காந்தள் · வியாழன், மாலை 4:50

டாக்டர், எனக்கு 26 வயது. குழந்தை பிறந்து நாலு மாதம். ஏழாம் மாதத்திலிருந்தே எனக்கும் ரத்தமும் வலியும். பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும் என்று மாமியார் சொன்னார், ஆகவில்லை. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது, அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

அறுவைமேசை · வியாழன், இரவு 8:40

நானும் பெண்தான் அம்மா, உங்கள் கூச்சம் எனக்குப் புரியும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும் பிரசவத்துக்குப் பிறகும் மூலமும் வெடிப்பும் மிக மிக சகஜம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும் என்பதும் ஒரு காரணம். உங்கள் பிரசவம் பார்த்த மருத்துவரிடமே சொல்லுங்கள், அவரே பார்ப்பார். ஆண் மருத்துவராக இருந்தால் பெண் செவிலியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுப்பீர்கள், மேலே போர்வை இருக்கும். சீக்கிரம் முடிந்துவிடும். பாலூட்டும்போது பயன்படுத்தக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

கரிசல்மண் · வியாழன், இரவு 10:02

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் ஒரே நாளில்' என்று ஒட்டியிருப்பார்களே, அந்த மாதிரி ஓர் இடத்துக்கு என் சித்தப்பா போனார். என்ன ஊசி என்றே சொல்லாமல் போட்டார்கள். மூன்றாம் நாள் சீழ் பிடித்து, காய்ச்சலில் நினைவு தவறி, பெரியாஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். சுவரில் நம்பர் பார்த்து யாரும் போகாதீர்கள்.

வெயிலுகந்தான் · வெள்ளி, காலை 7:15

மேட்டூர்க்காற்று, நான் ஒன்பது வருடமாக அல்சரேட்டிவ் கொலைடிஸோடு இருப்பவன். 22 வயதில் ஆரம்பம். நீ எழுதிய அந்த 4 மணி, பஸ் பயம், இரண்டும் அப்படியே என் கதை. உனக்கும் இதுதான் என்று சொல்ல வரவில்லை. கொலனோஸ்கோபி எழுதிக் கொடுத்தால் பயந்து ஓடாதே என்று சொல்லத்தான் வந்தேன்.

கஷ்டமெல்லாம் முதல் நாள்தான். கீரை, தக்காளி, கொய்யா என்று நாரும் விதையும் உள்ள எதுவும் சாப்பிடக் கூடாது. பிறகு இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், தெளிந்த சூப் மட்டும். சிவப்பு நிற பானம் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் மாதிரித் தெரியும். பேதிக்குக் கொடுக்கும் பவுடரைத் தண்ணீரில் கலந்து குளிரவைத்துக் குடி, சுவை கொஞ்சம் தாங்கும். அன்றைக்கு இரவு டாய்லெட் பக்கத்திலேயே இருக்கிற மாதிரி பார்த்துக்கொள். உன் ரூமில் நாலு பேருக்கு ஒரு டாய்லெட் என்றால் அவர்களிடம் முன்பே சொல்லிவிடு. மறுநாள் மயக்க ஊசி போடுவார்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். திரும்பும்போது வண்டி ஓட்டக் கூடாது, ஒருவரைக் கூட்டிப் போ. பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. நான் சென்னை ஸ்டான்லியில்தான் பார்த்தேன்.

இன்னொன்று. யாராவது எடுத்த எடுப்பில் ஸ்டீராய்டு எழுதினால், அமீபாவும் காசநோயும் இல்லை என்று உறுதி செய்துவிட்டீர்களா என்று தயங்காமல் கேள். அவை இருக்கும்போது ஸ்டீராய்டு போட்டால் நிலைமை மோசமாகும்.

மேட்டூர்க்காற்று · இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:25

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள், பயாப்சி (குடலில் எடுத்த சதைத் துணுக்கைப் பரிசோதிப்பது) முடிவு வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையே போனேன். டாக்டர் முதலில் விரலால் பார்த்தார், கட்டி எதுவும் தட்டுப்படவில்லை என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.4. மலத்தில் கிருமி, அமீபா எதுவும் இல்லை, ஆனால் கால்ப்ரொடெக்டின் என்ற ஒன்று அதிகமாக இருந்தது. குடலில் அழற்சி இருப்பதற்கு அடையாளமாம். கொலனோஸ்கோபியில் மலக்குடல் மட்டும் சிவந்து புண்ணாகி, தொட்டாலே ரத்தம் கசிந்தது. அதற்கு மேலே பெருங்குடல் சுத்தம், சிறுகுடலின் கடைசிப் பகுதியும் சுத்தம். சின்னதாக முதல் நிலை மூலமும் இருக்கிறது, ஆனால் அது தொந்தரவு இல்லை என்றார்.

பயாப்சியில் புற்றுநோய் இல்லை, காசநோய் இல்லை. மலக்குடலோடு நிற்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ், ப்ராக்டைடிஸ் என்கிறார்கள். தினமும் இரவு ஒரு மெசலமின் மருந்து, ஆசனவாய் வழியாக வைத்துக்கொள்வது. பத்து நாள் ஆகிறது. ரத்தம் மிகவும் குறைந்துவிட்டது. நேற்று முதல் தடவையாகக் காலை 6 மணி வரை தூங்கினேன். நின்றுவிட்டது என்று மருந்தை நானாக நிறுத்தக் கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நேரிலேயே போய்ச் சொன்னேன். ஏன்டா மூன்று மாதம் தனியாகவே வைத்திருந்தாய் என்று மட்டும்தான் கேட்டார்.

வெயிலுகந்தான் அண்ணா, நைட் ஷிப்டில் இருக்கும்போது அந்த மருந்தை எப்போது வைத்துக்கொள்வது? காலை 7 மணிக்குத்தான் அறைக்கு வருகிறேன்.

வெயிலுகந்தான் · ஞாயிறு, இரவு 7:40

ரொம்ப சந்தோஷம் தம்பி. நீ எப்போது நீட்டிப் படுக்கிறாயோ அதுதான் உனக்கு இரவு. காலையில் வந்து, டாய்லெட் போய்விட்டு, படுக்கும்போது வை, உடனே எழுந்து நடக்காதே. உன் டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். முடிந்தால் ஆறு மாதத்துக்குப் பகல் ஷிப்ட் தரச் சொல்லி ஒரு கடிதம் வாங்கு, எனக்கு அது கிடைத்தது.

செங்காந்தள் · ஞாயிறு, இரவு 9:10

நானும் போய்க் காட்டிவிட்டேன் டாக்டர். வெடிப்புதான். கிரீம் கொடுத்திருக்கிறார்கள்.

மழைநின்றபின் · ஞாயிறு, இரவு 9:48

தம்பி, நீ எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கும் தங்கைக்கும் வரும் 18-ஆம் தேதி கொலனோஸ்கோபி.